பதினோராவது பத்தி

என்னிடமே ஒரு வழக்கில் நான் தோற்றிருக்கிறேன். ஜெயித்ததும் நானே என்பதால் அன்று அலுவலகத்தில் எனக்குக் கைகொடுத்தார்கள். என் செலவிலேயே டீயும் குடித்தார்கள். தோற்ற பக்கத்தில் நின்றவர் எங்கள் ஜீப் டிரைவர் ஏழுமலை. அவருக்கு யாரும் டீ வாங்கிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் சங்கத்துப் பிள்ளைகள் என்னைச் செங்கல்பட்டுக்குக் கூப்பிட்டு, தற்காலிகப் பணிநீக்கம் பற்றி இளைய ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஒலிபெருக்கி கிடைத்தால் விடுவானா? எடுத்தேன். இப்போது கோப்பெல்லாம் கணினியில் ஓடுகிறது. ஆணையின் மாதிரி அதிலேயே இருக்கிறது. பெயரை மாற்றினால் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஒரு பையன் அதைத் திரையில் காட்டினான். நடை எங்கேயோ படித்ததுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தால் என்னுடையது. என் எழுத்தில் இன்றும் அச்சில் இருப்பது அது ஒன்றுதான்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, தப்பான சஸ்பென்ஷன் ஏதாவது நீங்கள் போட்டதுண்டா சார் என்று கேட்டார். ஆணை போடுவது அலுவலர், நான் வெறும் கண்காணிப்பாளர் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விதிப்படி அது சரியான பதில். அந்தச் சரியான பதில் என்னோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது. சங்க மலருக்குக் கட்டுரை வேறு கேட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாவலாசிரியன் ஆகும் உத்தேசம் இருந்தது. அரசாங்கம் என்னை இளநிலை உதவியாளன் ஆக்கியது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நடக்காததை நடந்ததுபோல் எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதல் சில வருடங்களில் கற்றுக்கொண்டது ஒரே பாடம்: அரசு ஆணையில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படுகிறது. 'நான் உன்னை வேலையை விட்டு நிறுத்துகிறேன்' என்று எழுத முதுகெலும்பு வேண்டும். 'பொதுநலன் கருதி தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்' என்று எழுத நல்ல பேனா இருந்தால் போதும்.

ஆணையை எழுதினால் மட்டும் ஆகாது. உரியவர் கையில் சேர்க்கவும் வேண்டும். வாங்காமல் ஓடிப்போகிறவர் வீட்டுக் கதவில் சாட்சி வைத்து ஒட்டிவிட்டு வரலாம். ஒருமுறை படூரில் அப்படி ஒட்டப் போன நான், பக்கத்து வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டேன். அது ஒரு கொத்தனாரின் வீடு. தனக்கு இவ்வளவு நாளாக அரசாங்க வேலை இருந்ததே அன்றுதான் அந்த மனிதருக்குத் தெரிந்தது. விளக்கிச் சொன்னபோது, சம்பள பாக்கியாவது உண்டா சார் என்று கேட்டார்.

இப்படியெல்லாம் இருந்தும் எனக்கு நல்ல பெயர்தான். அந்தப் பெயரால் ஒரு வழக்கமும் உருவாகிவிட்டது. இது வெளியாருக்கு விசித்திரமாகப் படும். எங்கள் இலாகாவில் இதற்காக யாரும் கோப்பிலிருந்து தலை நிமிர்ந்ததுகூட இல்லை. ஒருவருக்கு எதிரான ஆணையைப் பகலில் நான் எழுதுவேன். சாயந்திரம் அதே ஆள் அதே ஆணையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். மேல்முறையீட்டையும் நானே எழுதித் தருவேன். பூட்டுப் போட்டவனுக்குத்தானே சாவி தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். பணம் வாங்கியதில்லை. பாராட்டு வாங்கிக்கொள்வேன், அது இன்னும் மோசமான பழக்கம்.

இனி எங்கள் அலுவலர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்ன வேண்டும் என்றும் சொல்லமாட்டார். கோப்பை ஒரு விரலால் நம் பக்கம் கொஞ்சம் தள்ளி, விதியில் என்ன இருக்கிறதோ அதைச் செய்யுங்கள் என்பார். பிறகு ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, நம்மைப் பார்க்காமல் ஊதி ஊதிக் குடிப்பார். நாம் விதியில் இருப்பதையே எழுதிக்கொண்டு போனால் கோப்பு மறுபடி நம் பக்கம் தள்ளப்படும், முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மூன்றாவது தள்ளலில் அது மேசை விளிம்புக்கு வந்து நிற்கும். அதற்குள் அவர் மனதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அந்த இருக்கையில் நீடித்ததில்லை. நான் நீடித்தேன். பச்சை மையில் கையெழுத்திடுமுன் வரைவை உதடு அசையாமல் படிப்பார். நல்ல வாக்கியம் வந்தால் இடது புருவம் மட்டும் மேலே போகும். அந்தப் புருவத்துக்காக நான் எழுதியது கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலரின் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். மாமல்லபுரம் பார்க்க ஆசைப்பட்டார்கள். அலுவலர் வீட்டிலிருந்து ஏழுமலையைப் போனில் கூப்பிட்டார்கள், ஜீப் போயிற்று. கற்கோயிலைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பியிருக்கலாம். தெற்கே சில மைல் தள்ளி ஏழுமலையின் குப்பம். கூட்டம் இல்லாத கடற்கரை வேண்டுமென்று மைத்துனர் கேட்க, அங்கே போனார்கள். அலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்றார் மைத்துனர். மணல் உள்ளே வாங்கிடும் சார் என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார். அரசாங்க வண்டியை வாங்காது என்று பதில் வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டது, முன்சக்கரம் முழுவதையும். கரைவலைக் கயிற்றைக் கட்டிக் குப்பத்து ஜனமே பாட்டுப் பாடி இழுத்தது. இலாகா பெயர்ப்பலகையோடு ஜீப் கடலில் நிற்பதை யாரோ செல்போனில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் நாஸ்தா வேளைக்குள் மாவட்டமே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மாவட்ட அலுவலகம் அறிக்கை கேட்டது. எங்கள் அலுவலர் கோப்பை என் பக்கம் தள்ளினார். டிரைவர் அனுமதியில்லாமல் வண்டியைத் தன் ஊருக்கு எடுத்துப் போனார் என்பது அவர் கட்சி. குப்பம் டிரைவருடையதாகவே அமைந்துவிட்டதால் கதை கச்சிதமாக இருந்தது.

டிரைவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் மாவட்ட அலுவலருக்கே உண்டு, அவருக்கு எழுதலாம் என்று குறிப்பு வைத்தேன். கோப்பு நகர்ந்தது. முதலில் டிரைவரிடம் விளக்கம் கேட்கலாம் என்று வைத்தேன். இன்னும் நகர்ந்தது. மூன்றாவது தடவை அது விளிம்பில் நின்றபோது எனக்கு அந்த வாக்கியம் தோன்றியது: 'மாவட்ட அலுவலரின் பின்னேற்பை எதிர்நோக்கி'. இல்லாத அதிகாரத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன், இருப்பவர் பிறகு சரியென்று சொல்லிக்கொள்ளட்டும் என்பது இதன் பச்சைத் தமிழ். அதிகாரமில்லாதவர் போட்ட ஆணைக்குப் பின்னால் யார் ஊதினாலும் உயிர் வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இடது புருவம் மேலே போனது.

ஏழுமலைக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. பணிநீக்கத்தில் இருக்கும்போது ஓய்வு பெறும் நாள் வந்தால், ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை என்று ஒரு ஆணை வரும். அப்புறம் வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. பென்ஷன் அந்தரத்தில் தொங்கும். எத்தனையோ பேரைக் கடைசி நாளில் மாலையோடு முன்சீட்டில் உட்கார வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டவர் அவர். தன் கடைசி நாளில் மாலை இல்லாமல், கடிதம்கூட இல்லாமல் நிற்கப் போகிறோம் என்பது ஆணையை வாங்கியபோதே அவருக்குப் புரிந்திருந்தது.

ஆணையைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, படித்துச் சொல்லுங்க சார் என்றார். படித்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், நன்றாகப் படித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி.

கடைசி வரியில் 'இக்காலத்தில் இவரது தலைமையிடம் செங்கல்பட்டு. முன் அனுமதியின்றி இதை விட்டு நீங்கலாகாது' என்று இருந்தது. அது மாதிரியில் உள்ள வரி. நான் யோசித்துக்கூட எழுதவில்லை. அவர் வீடோ கடலோரத்தில். சொந்த வீட்டில் சாப்பிட எழுத்தில் அனுமதி கேட்க வேண்டிய நிலைக்கு அந்த மனிதர் வந்தார். கேட்டார். அலுவலர் வெந்நீர் குடித்தார். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மச்சான் வீடு இருந்தது. அதுவும் தலைமையிடத்துக்கு வெளியே. கடைசியில் செங்கல்பட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் மாடியில் பாயைப் போட்டார். வேறு எங்கும் வேலை செய்யவில்லை என்று மாதாமாதம் சான்று எழுதிக் கொடுத்தால்தான் பாதிச் சம்பளமான பிழைப்பூதியம் வரும். அதனால் கீழே சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துக் கொடுக்கமாட்டாராம்.

வழக்கப்படி சாயந்திரம் என் வீட்டுக்கு வந்தார். கையில் கன்னியம்மா கொடுத்தனுப்பிய சங்கரா மீன். கன்னியம்மா அவர் மனைவி. மாமல்லபுரம் ரோட்டில் மீன் விற்பவர்.

"நீங்க எழுதினத நீங்கதான் சார் அவுக்கணும்" என்றார். கோபமில்லை. டயர் பஞ்சரானால் பஞ்சர் கடைக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார்.

எழுதினேன். பதினோரு பத்திகள். அப்படி ஒரு மேல்முறையீடு செங்கல்பட்டில் அதற்கு முன்னும் எழுதப்பட்டதில்லை, பின்னும் தேவைப்பட்டதில்லை. முதல் பத்தியில் கடல். இரண்டாவதில் ஏழுமலையின் அப்பழுக்கற்ற பணிக்காலம். நடுவில் இயற்கை நீதி, எதிர்த்தரப்பைக் கேட்டல், பழம்பாட்டு ஒன்றின் சாயலில் ஒரு வரி. அலுவலருக்கு இந்த ஆணையைப் போட அதிகாரமே இல்லை என்பதை, மனு முழுவதையும் தாங்கக்கூடிய அந்த ஒரே தூணை, நான் கொண்டுபோய்ப் பதினோராவது பத்தியில் நட்டேன். ஏன் என்றால், சிறுகதையில் உச்சத்தைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். மேல்முறையீட்டைக் கடைசிவரை படிக்கும் ஜீவன் எந்த அலுவலகத்திலும் கிடையாது என்று சர்வீஸ் முழுக்கப் பார்த்தும் இருந்தேன். படித்தது பார்த்ததை ஜெயித்துவிட்டது.

இளையவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். ஆணை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காரணத்தை அல்ல, கையெழுத்தை. போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா? இல்லையென்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், மற்றதெல்லாம் அலங்காரம். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கிறது, தவறவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் பணிநீக்கத்தை இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். அனுப்பும் மனு ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். ஆணை ரத்தானால் இடைக்காலத்தைப் பணிக்காலமாகக் கருதவும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காததைக் கொடுக்க இங்கே யாருக்கும் பழக்கமில்லை.

மேல்முறையீடு 'உரிய வழியாக'ப் போக வேண்டும். உரிய வழி என்பது யார் மேல் புகாரோ அவர் மேசை. இரண்டு நாளில் மனு பத்திரமாக எங்கள் அலுவலர் முன் வந்து சேர்ந்தது. பத்தி ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தின் பதிலைக் குறிப்புரையாக எழுதி, மனுவோடு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். என்னைக் கூப்பிட்டார். மனுவை உதடு அசையாமல் படித்திருந்தார் என்பது தெரிந்தது.

"நல்ல எழுத்து. யார் எழுதினாங்கன்னு தெரியல. அந்தக் கைக்குத் தகுந்த பதிலா இருக்கணும், பாருங்க."

இந்தத் தடவை அவர் கோப்பைத் தள்ளவே இல்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

அன்று நான் செய்திருக்கக்கூடியது மிக எளிது. பதினோராவது பத்திக்கு எதிரே 'சரிதான்' என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். அதற்குத் துணிவில்லை என்றால் சுமாராக எழுதியிருக்கலாம். சுமாராக எழுதியதற்காக எந்தக் கண்காணிப்பாளரையும் யாரும் பணிநீக்கம் செய்ததில்லை. நானோ உட்கார்ந்ததும் உற்சாகமாகிவிட்டேன். எதிராளியின் பலவீனமெல்லாம் எனக்கு அத்துப்படி. கடலைப் பற்றிய பத்திக்கு 'மனுதாரரின் இலக்கிய ஈடுபாடு இங்கே பரிசீலனைக்குரியதல்ல' என்று எழுதினேன். விளக்கம் கேட்கவில்லை என்ற பத்திக்கு 'தற்காலிகப் பணிநீக்கம் தண்டனை அல்ல. எனவே விளக்கம் கோரும் அவசியம் எழவில்லை' என்றேன். பதினோராவது பத்திக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன். பிறகு எழுதினேன்: 'இப்பத்தி முந்தைய பத்திகளின் தொடர்ச்சியே ஆதலால் தனியே குறிப்புரை தேவைப்படவில்லை.'

புருவம் அன்று போன உயரத்துக்கு அதற்கு முன் போனதில்லை. மாவட்டத்தில் குறிப்புரையை மட்டும் படித்தார்கள். மேல்முறையீடு ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டது. செக்‌ஷனில் கைகொடுத்தார்கள். டீ வந்தது. குடித்தேன்.

அந்த ஆணையோடு கன்னியம்மா அலுவலகத்துக்கு வந்தார். மீன் கூடையை வெளியே மரத்தடியில் வைத்துவிட்டு என் மேசைக்கு நேராக வந்து நின்றார். என்ன சார் போட்டிருக்கிறது என்று கேட்டார். நிராகரிப்பு என்றேன். வருத்தப்பட வேண்டாம், இது தண்டனை இல்லை, சும்மா நிறுத்தி வைத்திருப்பதுதான் என்று ஆறுதலும் சொன்னேன். ஆறுதலுக்குக்கூட நான் என் குறிப்புரையிலிருந்துதான் வாக்கியம் எடுத்தேன்.

"தண்டனை இல்லன்னா, அப்ப இது இன்னா சார்?" என்றார். "வண்டில யாரு குந்திகினு வந்தாங்கன்னு குப்பமே பாத்துது. கயிறு கட்டி இஸ்த்தவங்க அத்தினி பேரும் கீறாங்க. எங்க வந்து சொல்லணும்னு மட்டும் சொல்லு, கூட்டிகினு வரேன்."

எங்கேயும் வந்து சொல்ல முடியாது. குற்றச்சாட்டு கொடுத்தால்தான் விசாரணை. விசாரணை வந்தால்தான் சாட்சி. குற்றச்சாட்டு கொடுக்காமல் நிறுத்தி வைப்பதன் சௌகரியமே அதுதான். அவரிடம் நான், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். மீன் கெட்டுவிடும் என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஏழுமலை என் வீட்டுப் பக்கம் வரவில்லை. உயர் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தபோதுதான் அவர் வேறு கடைக்குப் போய்விட்டது தெரிந்தது. செங்கல்பட்டு கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு சின்ன வயது வக்கீலம்மா வழக்கை எடுத்திருந்தார். மனுவின் வாதம் இரண்டே பக்கம். அலுவலருக்கு இந்த ஆணையைப் போட அதிகாரம் இல்லை. மாதங்கள் ஓடியும் குற்றச்சாட்டு இல்லை. முடிந்தது. கடல் இல்லை, பாட்டு இல்லை.

அதற்கும் பதில் எழுதச் சொன்னார் அலுவலர். எழுதினேன். இதையும் நான்தான் எழுதினேன் என்பதை விட்டுவிடக் கூடாது. என் மேல்முறையீடு, என் குறிப்புரை, என் பதிலுரை எல்லாம் ஒரே கட்டாகக் கோர்ட்டுக்குப் போயின. நீதிமன்றம் என் பதினோராவது பத்தியில் இருந்ததை முதல் பத்தியாக வைத்து ஆணையை ரத்து செய்தது. இடைக்காலம் முழுவதும் பணிக்காலம் என்றும் சொன்னது. கேட்டிருந்தார்கள், கிடைத்தது. எங்கள் அலுவலர் பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போனார். வெந்நீர் ஃபிளாஸ்க்கை நானே ஜீப்பில் ஏற்றினேன்.

ஓய்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது ஏழுமலை திரும்பி வந்து ஓட்டினார், முறையாக ஓய்வு பெற்றார். விழாவில் அவரைப் பற்றிப் பேச என்னைத்தான் போட்டார்கள். நன்றாகப் பேசினேன் என்றார்கள். அதுதானே என் வியாதி. மாலையோடு அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகக் குப்பத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். வழி முழுவதும் இல்லாத பிரேக்கை அவர் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் மற்றவர்கள் கலர் குடித்துக்கொண்டிருந்தபோது அவரைத் தனியாக அழைத்தேன். மேல்முறையீட்டை எழுதிய கைதான் அதற்குப் பதிலையும் எழுதியது என்று சொன்னேன். பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம், சொல்லும்போது குழறியது. அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளவும், மன்னித்தால் கண்கலங்கவும் தயாராக இருந்தேன்.

"தெரியும் சார்" என்றார், மாலையைக் கழற்றிக்கொண்டே. "வக்கீலம்மா ரெண்டுத்தையும் படிச்சுக் காமிச்சாங்க. பாத்தவொடனே ஒரே ஆளுன்னு சொல்லிட்டாங்க."

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். அந்த மனிதரை மாதக்கணக்கில் ஒர்க்‌ஷாப் மாடியில் படுக்க வைத்தவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கக் கூடாது. ஆனால் கேட்டேன்: வேறு என்ன சொன்னார்கள்?

கலர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்தார்.

"ரெண்டுமே நீளம்னாங்க."